சட்டை சொன்ன பெயர்

அவன் பெயரை அவனுக்குச் சொன்னது ஒரு சட்டை.

1944 நவம்பரில், ஜெர்மனியில் ஒரு காட்டுச் சேற்றிலிருந்து அவனைத் தோண்டி எடுத்தபோது கழுத்தில் தொங்க வேண்டிய பெயர்த் தகடுகள் சங்கிலியோடு போயிருந்தன. முகத்தில் பாதி கிழிந்திருந்தது. இரண்டு கைகளும் வெந்துபோய், விரல் ரேகை என்று சொல்ல ஒரு கோடுகூட மிச்சமில்லை. மண்டைக்குள்ளே இருந்தது அதைவிட மோசம்: ஒன்றுமே இல்லை. மிஞ்சியது சட்டை. அமெரிக்கப் பட்டாளத்தில் சட்டையிலிருந்து உள்ளாடை வரைக்கும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் ராணுவ எண்ணின் கடைசி நாலு இலக்கங்களையும் கறுப்பு மையில் குத்தியிருப்பார்கள். சலவைக்குப் போன துணி ஆள் மாறாமல் திரும்பி வருவதற்கான ஏற்பாடு அது. இவன் கழுத்துப் பட்டையில் எல் 6083 என்று இருந்தது. ஆஸ்பத்திரிக் குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டி, எம்மெட் லாரிகன், லாஸ் ஏஞ்சலஸ், மனைவி பெயர் வெர்னா என்று எழுதிக்கொண்டார். அன்று முதல் அவன் எம்மெட்.

ஆறு மாதம் கழித்து கலிஃபோர்னியாவில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் முகக் கட்டைப் பிரித்தார்கள். வைத்தியர்கள் தைத்துத் தந்த புது முகம் அது. வெர்னா வந்து கட்டிலின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றாள். அவள் கை பட்டுத் தண்ணீர்த் தம்ளர் கவிழ்ந்து, தரையெல்லாம் ஈரமாயிற்று. நர்ஸ் துடைக்க வந்தபோது வெர்னா, "ஆமா, இவர்தான் என் வீட்டுக்காரர்" என்றாள். அதோடு விஷயம் முடிந்தது. கட்டினவளே சொன்ன பிறகு அதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்?

பங்கர் ஹில் மேட்டில் இரண்டு அறை வீடு. ஸ்பிரிங் தெருவில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டும் வேலை. கைகளை மறைக்க வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அது அவனுக்கும் சௌகரியமாக இருந்தது. முகத்தைப் பார்த்து முதலில் மிரண்ட தட்டெழுத்துப் பெண்கள், ஒரு மாதத்தில் அவனிடமே தங்கள் காதல் சண்டைகளுக்கு யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். பழைய கதை எதுவும் இல்லாதவன் நல்ல காது கொடுப்பான் அல்லவா.

வீட்டில் அவன் எம்மெட்டைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தான். எனக்கு என்ன பிடிக்கும், நான் எப்படிச் சிரிப்பேன், என் அம்மா எப்படி இருப்பாள் என்று வெர்னாவைத் துளைத்து எடுப்பான். முள்ளங்கி பிடிக்கும், குதிரைப் பந்தயம் பிடிக்கும், அம்மா எப்போதோ போய்விட்டாள் என்று அவள் நாலு வார்த்தையில் முடித்துக்கொள்வாள். அலமாரியில் இருந்த எம்மெட்டின் செருப்புகள் அவன் காலைக் கடித்தன. குளிரில் உறைந்த கால் வீங்கத்தான் செய்யும் என்று சொல்லி அவளே போய்ப் பெரிய ஜோடி ஒன்று வாங்கி வந்தாள். அவளுக்கு அவன் மேல் உயிர். அவன் சமையலறையில் பாத்திரம் கழுவினால்கூட, அதிசயத்தைப் பார்ப்பது போலக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவனுக்கும் அவள் மேல் அப்படித்தான். ஆனாலும் தினமும் ஒரு தடவையாவது, லிஃப்ட் காலியாக ஏறும்போது, கண்ணை மூடிக்கொண்டு தேடுவான். ஒரு முகம், ஒரு வீட்டு வாசல், யாராவது தன்னைக் கூப்பிட்ட ஒரு குரல். யாரும் சொல்லித்தராமல் தானாக வந்த ஒரே ஒரு ஞாபகம் போதும் என்று இருந்தது அவனுக்கு. வந்ததே இல்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. 1947 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தொப்பி போட்ட ஒரு ஆள் லிஃப்டில் ஏறி எட்டாவது மாடி என்றார். எட்டாவது மாடியில் இறங்கவில்லை. மறுபடி கீழே போகலாம் என்றார். உள்ளே இவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை என்று ஆகும் வரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போலீஸ் வில்லையைக் காட்டினார். பெயர் ஹாஸ்கெட், துப்பறியும் சார்ஜண்ட்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்டத் தோண்டியிருக்கிறார்கள். சிமெண்டுத் தரைக்கு அடியில் ஒரு எலும்புக்கூடு, மண்டையில் ஓட்டை, விரலில் மோதிரம். மோதிரத்துக்குள் ஸ்ட்ராக் என்று பொறித்திருந்தது. ஸ்ட்ராக்கும் எம்மெட் லாரிகனும் கூட்டாகக் குதிரைப் பந்தயச் சூதாட்டம் நடத்தியவர்கள். 1942 பிப்ரவரியில் ஒரு காரில் இரண்டு பேரும் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. திரும்பி வந்தது ஒருவன்தான். மூன்றாம் நாள் அவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான்.

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை, சார்" என்றான் எம்மெட்.

"இருக்காது. கொலை பண்ணினவங்க நிறைய பேருக்கு இருக்கிறதில்லை" என்றார் ஹாஸ்கெட், கோபமே இல்லாமல். "கைது உத்தரவுக்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து திங்கட்கிழமைதான் கிடைக்கும். பத்து மணிக்கு நீங்களே ஸ்டேஷனுக்கு வந்துடுங்க, மிஸ்டர் லாரிகன். ஓடிப் போயிடலாம்னு நினைக்காதீங்க. இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எந்த ஊர்ல போய் ஒளிவீங்க?"

அவர் இறங்கிப் போன பிறகு எம்மெட் கையுறையைக் கழற்றி, வெந்து வழுவழுப்பாகிப் போன கைகளைப் பார்த்தான். இந்தக் கைதானா? இல்லை என்று சொல்ல அவனிடம் ஒரு ஆதாரமும் இல்லை. மற்ற மனிதனாக இருந்தால், அன்று நான் இன்ன இடத்தில் இருந்தேன் என்று சொல்வான். சொல்லாவிட்டாலும் மனசுக்காவது தெரியும். இவனுக்கு மனசுக்கே தெரியவில்லை. தன்னைப் பார்த்துத் தானே பயப்படுவதை விடப் பெரிய தண்டனை எந்தச் சட்டத்திலும் கிடையாது.

சாயங்காலம் வெர்னா அடுப்பில் உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

"நீ அவனைக் கொல்லல" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படின்னா, நீ எம்மெட் இல்ல."

பிறகு உட்கார்ந்து, மேசையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் முதல் நிமிஷத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எம்மெட் இரண்டு அங்குலம் குட்டை. காது மடல் வேறு மாதிரி. அதெல்லாம்கூட அப்புறம்தான். தம்ளர் கவிழ்ந்து அவள் செருப்பில் தண்ணீர் கொட்டியதும், கட்டிலில் கிடந்தவன் அந்தத் தைத்த வாயால் மன்னிச்சுக்கோ என்றான். கவிழ்த்தது அவள், மன்னிப்புக் கேட்டது அவன். எம்மெட்டோடு வாழ்ந்த ஆறு வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் கேட்டதே கிடையாது. அவள் இடது கை சற்றே கோணலாக இருப்பதற்குக் காரணம், அவள் எல்லோரிடமும் சொல்லிவந்தது போலப் படிக்கட்டில் விழுந்தது இல்லை.

"அவன் உயிரோட வர்றான்னு தந்தி வந்ததும் ஒரு வாரம் நான் தூங்கல. ஊரை விட்டே போயிடணும்னு பெட்டி கட்டி வச்சிருந்தேன். கடைசியா ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தா, நீ படுத்திருந்தே."

அவன் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. நான் கொலைகாரன் இல்லை. எழுந்து அவள் கோணல் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த நிம்மதி ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அடுத்த நிமிஷம் அவள் கையை விட்டான்.

"அப்ப நான் யாரு?"

"தெரியாது."

"எனக்கு அம்மா இருந்திருப்பாளே, வெர்னா. மூணு வருஷமா எவளாவது ஒருத்தி வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாளே."

அவனுக்குக் கோபம் வந்தது. வாழ்நாளில் அவனுக்குத் தெரிந்து வந்த முதல் கோபம் அது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது யுத்தம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். கட்டை அவிழ்க்காமல் விட்டவள் கூடவே இருந்து சோறு போட்டிருக்கிறாள். அந்தக் கோபத்தில் அவளை ஒரு வார்த்தை திட்டக்கூட அவனுக்கு வரவில்லை. அதையும் அவள் கவனித்திருக்க வேண்டும், அழுதாள்.

அழுது முடித்து, மாவு டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். 1945 மார்ச்சில் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்தபடி லூக் பெட்ரிச் என்ற சார்ஜண்ட் எழுதியது; அவள் இவனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. எம்மெட் தன் பக்கத்தில்தான் இறந்தான் என்றும், துன்பப்படவில்லை என்றும், தானும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஆள்தான், சான் பெட்ரோ துறைமுகத்தில் தன் குடும்பத்துச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். அதை ஏன் எரிக்காமல் வைத்திருந்தாய் என்று கேட்டான். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எடுத்துப் படிப்பாளாம். அவன் செத்துத்தான் போனான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள.

மறுநாள் காலை சிவப்பு டிராமில் ஏறி அவன் சான் பெட்ரோவுக்குப் போனான். வழி நெடுக அவன் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: அந்தச் சட்டை என் மேல் எப்படி வந்தது என்று தெரிந்தவனுக்கு, நான் யார் என்றும் தெரிந்திருக்கும்.

பெட்ரிச் மீன் மார்க்கெட்டுக்கு எதிரே மத்தி வறுத்துக்கொண்டிருந்தார். ஒரு கால் மடங்காது. கல்லுக்கும் கல்லாவுக்கும் நடுவில் நொண்டி நொண்டி நடந்தார். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் பட்டாளத்துக்காரன் என்று புரிந்துகொண்டு, கேட்காமலே காப்பி ஊற்றி வைத்தார். அவன் கடிதத்தை மேடை மேல் வைத்து, எல் 6083 சட்டையில் என்னைக் கண்டெடுத்தார்கள் என்று சொன்னதும், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். கடையை அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டு அவனைப் பின்பக்கம் அழைத்துப் போய் உட்காரவைத்தார்.

லாரிகன் செத்தது விடியற்காலையில். ஏழு மணிக்கு ஒரு லாரியில், விழுந்தவர்களுக்குப் பதிலாகப் பதினோரு புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். மழை. அதில் ஒரு நெட்டையன் தொப்பலாக நனைந்து பல் கிட்டி நின்றான். செத்தவன் மூட்டையில் ஒரு உலர்ந்த சட்டை இருந்தது. பெட்ரிச்தான் எடுத்துக் கொடுத்தார். மத்தியானம் குண்டுகள் விழ ஆரம்பித்தன. கேப்டன், குமாஸ்தா, குமாஸ்தாவின் காகிதங்கள், லாரிகனின் உடம்பு எல்லாம் ஒரே குழியில் போயிற்று. அவர் காலும் அப்போது போனதுதான்.

"அந்த நெட்டையன் நான்தான்" என்றான் அவன். "என் பேர் என்ன, சார்ஜண்ட்?"

பெட்ரிச் மடங்காத காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"நாங்க புதுசா வர்றவன் பேரைக் கேக்குறதில்ல, தம்பி."

அவனுக்குப் புரியவில்லை. அவர் புரியவைத்தார். ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். காலையில் வருவான், பெயர் சொல்வான், தங்கச்சி போட்டோவைக் காட்டுவான். சாயங்காலம் அவனைப் போர்வையில் சுற்றுவார்கள். ஒரு மாதம் அப்படிப் போனதும், பழைய ஆட்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு வாரம் தாங்கினவன் பெயரைத்தான் கேட்பது. அதுவரைக்கும் நெட்டை, குட்டை, கண்ணாடி, அவ்வளவுதான். தெரியாத பெயருக்காக யாரும் அழ வேண்டாமே.

"சட்டையைப் போட்டுக்கிட்டு நீ என்கிட்ட கை நீட்டினே. பேரைச் சொல்ல வாயைத் திறந்தே. இப்பவும் என் கண்ணுக்குள்ள நிக்குது. நான் கையை உதறிட்டு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்தா அப்பச் சொல்லுடான்னேன்."

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவனுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கிறது. ஒரு மனிதன் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறான்.

மற்ற பத்துப் பேர்? ஒன்பது பேர் அன்றே போய்விட்டார்கள். ஒருவன் பிழைத்தான், டில்வர்த் என்று பெயர். அவனை இழுத்து வந்து போட்டது பெட்ரிச் என்பதால் அவன் தாய் வருஷம் தவறாமல் வாழ்த்து அட்டை அனுப்புவாள். இரண்டு காலும் இல்லாமல் ஒஹாயோவில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தான். லாரியிலிருந்து இறங்கும்போது அவனும் நெட்டையனும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கியது பெட்ரிச்சுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கப்பலிலிருந்தே கூட்டாளிகளாக இருந்திருப்பார்கள்.

"அவனுக்கு உன் பேர் கட்டாயம் தெரிஞ்சிருக்கும்" என்றார் பெட்ரிச். "போன ஏப்ரல்ல செத்துப் போயிட்டான்."

ஏப்ரல். ஆறு மாதம். கடிதம் மாவு டப்பாவுக்குள் இருந்ததோ இரண்டரை வருஷம். அவன் காப்பியைக் குடிக்காமலே எழுந்தான். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து சாட்சி சொல்வதாகப் பெட்ரிச் வாக்குக் கொடுத்தார்; இந்தக் கையை இப்போதாவது பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அவன் வெந்த கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பெட்ரிச் வாக்குத் தவறவில்லை. ஹாஸ்கெட் கடிதத்தை இரண்டு தடவை படித்தார், பெட்ரிச்சை ஒரு மணிநேரம் குடைந்தார், வெர்னாவையும் கேட்டார். புருஷனைக் காப்பாற்ற எந்தப் பெண்ணும் பொய் சொல்வாள், ஆனால் இவள் சொல்வது புருஷனே இல்லை என்றல்லவா என்று தலையைச் சொறிந்துகொண்டார். கடைசியில் நம்பினார். கொலைகாரன் செத்துவிட்டான், வழக்கு முடிந்தது என்று காகிதக் கட்டைக் கட்டி வைத்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகாமல் தப்பித்தான் என்று நீங்களும் நானும் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவன் சந்தோஷப்படவில்லை.

"இப்ப உங்களை என்னன்னு எழுதுறது?" என்று கேட்டார் ஹாஸ்கெட். காரியம் சுத்தமாக இருக்க வேண்டுமே. பதிலுக்குக் காத்திருக்காமல், இந்த நாட்டில் பெயர் தெரியாத பிணத்துக்கும் பெயர் தெரியாத ஆளுக்கும் போடுகிற பெயரைப் போட்டார்: ஜான் டோ. லிஃப்ட் வேலை செத்துப்போன லாரிகனுடைய அடையாள அட்டையைக் காட்டி வாங்கியது. அது அன்றைக்கே போயிற்று. பட்டாளத்துக்குத் தந்தி கொடுத்தார்கள். படைவீரர் ஆஸ்பத்திரியில் படுக்கை தருகிறோம், விசாரித்துப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அந்த நவம்பரில் அந்தக் காட்டில் காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில்.

ஹாஸ்கெட் கெட்ட மனிதர் இல்லை. பத்திரிகையில் போட்டோ போடலாமே என்றார். "பிள்ளையைத் தொலைச்ச அம்மாமார் எத்தனை பேர் இருக்காங்க. யாராவது ஒருத்தி அடையாளம் சொல்ல மாட்டாளா?"

"சொல்லுவாங்க, சார். நிறைய பேர் சொல்லுவாங்க" என்றான் அவன். "எனக்கு அதுதான் பயம்."

இது டாக்டர்கள் தைத்த முகம். இதில் யார் வேண்டுமானாலும் தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆமாம், இவன்தான் என்று ஒருத்தி சொல்லி அவன் ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்தாயிற்று. உண்மையான தாயே வந்து நின்றாலும், அவளையும் மற்றவளையும் பிரித்துப் பார்க்க அவனிடம் ஒன்றும் கிடையாது.

வெர்னா போக வேண்டாம் என்றாள். ராணுவமும் போலீஸும் என்ன எழுதிக்கொண்டால் என்ன, இந்த வீட்டில் இருந்துவிடு என்று கெஞ்சினாள். அவன் டில்வர்த்தைப் பற்றி அவளிடம் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவனால் முடியவில்லை. அதன் பிறகு அவள் கெஞ்சவில்லை. அவளை வெறுக்க முடிந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் பாசம் வந்தது. கூடவே ஏப்ரல் வந்தது. அப்படி ஒரு வீட்டில் எப்படிச் சாப்பிட்டுத் தூங்கி எழுவது? அவள் வாங்கித் தந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்றுப் பிந்தி அவன் வெளியே வந்தான்.

பஸ் நிற்குமிடத்தில் கூட்டம். ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. அப்போதுதான் பின்னால், மேட்டுப் படிக்கட்டில், யாரோ தடதடவென்று ஓடி இறங்கும் சத்தம் கேட்டது. வெர்னா நடை அவனுக்குத் தெரியாதா. அவன் திரும்பவில்லை, ஏறவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் அவனை விலக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒரு சத்தம் வரட்டும், எந்தப் பெயராக இருந்தாலும் சரி, திரும்பிவிடலாம் என்று நின்றான்.

காலடிச் சத்தம் அவனுக்குப் பத்தடி பின்னால் வந்து நின்றது. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கண்டக்டர் ஏறுகிறாயா இல்லையா என்று கேட்டார். இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தான். கூப்பிட அவளிடம் ஒரு பெயர் இல்லை.